மூன்று வள்ளல்களும் ஒரு நன்றிகெட்ட கைக்கணினியும்

டிவிக்குக் கீழே தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் கன்சோல் பெட்டியைப் பற்றிக் கொஞ்ச காலமாக ஆட்கள் மரியாதையில்லாமல் பேசுகிறார்கள். முன்பெல்லாம் இப்படி இல்லை. பெட்டி கேட்ட காசை எடுத்து வைப்போம், பெட்டி அனுமதித்த கேமை ஆடுவோம், படுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரிக் கடைசியில் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டீம் டெக் என்றொரு கையடக்க கேமிங் கணினியை அனுப்ப ஆரம்பித்தது. அதைப் பார்த்து அசூஸ், லெனோவோ, எம்எஸ்ஐ என்று ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். அன்று பிடித்தது சனியன். சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் நின்டெண்டோவும் நமக்குச் செய்த உபகாரங்களை எல்லாம் மறந்துவிட்டு, "இது ஏன் இப்படி?" என்று கேட்கிற ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. வள்ளல்களுக்காகப் பேச யாராவது வேண்டாமா?

பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்ததை இரண்டாயிரம் வருடமாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதில் என்ன சாமர்த்தியம்? சக்கரத்தோடு, அச்சோடு, மொத்தத் தேரையும் அப்படியே விட்டுவிட்டு நடந்து போன மனுஷன். சோனியின் கொடை அதைவிட நுட்பமானது. 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ, சுருக்கமாக பிஎஸ்5 ப்ரோ, வந்தது. அப்போது விலை 699.99 டாலர். டிஸ்க் போடும் டிரைவ் அதில் கிடையாது, வேண்டுமென்றால் 79.99 டாலர் தனி. நிமிர்த்தி நிறுத்தும் ஸ்டாண்டும் கிடையாது, அது 29.99. வாங்குகிறவர் மேல் எதையும் திணித்துவிடக் கூடாது என்ற இங்கிதத்தைப் பாருங்கள். டிஸ்க் இல்லாமல், படுக்கவைத்து, வெறும் பெட்டியாக வைத்துக்கொள்ளும் உரிமை 699 டாலருக்குள்ளேயே அடக்கம்.

இதே இங்கிதத்தை 2013இலும் பார்த்தோம். அந்த வருடம் மைக்ரோசாஃப்ட், தன் புதிய எக்ஸ்பாக்ஸில் பழைய டிஸ்க்கைக் கைமாற்றக் கட்டுப்பாடுகள் வரும் என்று அறிவித்து வாங்கிக் கட்டிக்கொண்டது. சில வாரங்களில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் சோனி சும்மா இருக்குமா? ஒரு குட்டி வீடியோ வெளியிட்டது. ஒருவர் டிஸ்க்கை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான், கேமைப் பகிர்ந்தாகிவிட்டது. கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. அந்தச் சத்தத்தில், பிஎஸ்3இல் காசில்லாமல் ஆடிவந்த ஆன்லைன் ஆட்டத்துக்கு இனி பிஎஸ்4இல் சந்தா கட்ட வேண்டும் என்ற இன்னொரு செய்தி பலர் காதில் சரியாக விழவில்லை.

எதிரணியில் மைக்ரோசாஃப்ட் 2002இலிருந்தே இந்தத் தர்மத்தை நடத்திவந்தது. சோனி தாமதமாகச் சேர்ந்துகொண்டது, பிறகு நின்டெண்டோவும். முறை எளிமையானது. கேமுக்குக் காசு கொடுத்தாகிவிட்டது. இன்டர்நெட்டுக்கும் மாதாமாதம் கட்டுகிறோம். நம் கேமை நம் இன்டர்நெட்டில் நம் நண்பனோடு ஆட, மூன்றாவதாக ஒரு காணிக்கை. சில இலவச கேம்களுக்கு மட்டும் பெரிய மனது பண்ணி விலக்கு அளித்திருக்கிறார்கள். காணிக்கை ஒரே நிலையில் நின்றால் பக்தி தேங்கிவிடும் அல்லவா? அதனால் 2023 செப்டம்பரில் சோனியின் பிஎஸ் பிளஸ் அடிப்படைச் சந்தா வருடத்துக்கு 59.99 டாலரிலிருந்து 79.99 ஆனது. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா மாதத்துக்கு 19.99இலிருந்து 29.99க்குப் போனது. ஒரே தாவலில் ஐம்பது சதவீதம்.

இப்போது ஸ்டீம் டெக் வாங்கியவன் அதே கேமை வால்வின் ஆன்லைன் கடையான ஸ்டீமில் வாங்கி, அதே நண்பனோடு, சந்தா எதுவும் கட்டாமல் பஸ்ஸில் உட்கார்ந்து ஆடுகிறான். ஆடிவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இருப்பதில்லை. வீட்டுக்கு வந்து பிளேஸ்டேஷனைப் பார்த்து, "உனக்கு எதுக்குடா காசு?" என்கிறான்.

இதைக்கூட மன்னிக்கலாம். கைக்கணினி செய்த பெரிய துரோகம், வீட்டு ரகசியத்தைத் தெருவில் போட்டு உடைத்தது. கன்சோல் என்றால் ஏதோ அபூர்வ இயந்திரம், அதற்குள் நமக்குப் புரியாத வித்தை இருக்கிறது, ஆகவே அது எப்படி நடத்தினாலும் நாம் நடக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு காலத்தில் அது உண்மையும்கூட. பிஎஸ்3இன் செல் பிராசஸரை மேய்க்கத் தெரியாமல் கேம் எழுதுகிறவர்களே திணறினார்கள். 2013க்குப் பிறகு கதை மாறிவிட்டது. பிஎஸ்5இன் உள்ளே இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 பிராசஸர், ஆர்டிஎன்ஏ 2 வகை கிராஃபிக்ஸ். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸைத் திறந்தால் அதே குடும்பம். ஸ்டீம் டெக்கைத் திறந்தாலும் அதே குடும்பத்துச் சின்னத் தம்பிதான். பிஎஸ்5 200 வாட் பக்கம் இழுத்துச் செய்கிற வேலையை, இவன் 15 வாட் சிப்பில் ஏழு அங்குலத் திரைக்கு ஏற்றபடி சுருக்கிச் செய்கிறான். சக்தியில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், சந்தேகமில்லை. ஆனால் இனம் ஒன்று. அப்படியானால் கன்சோலைக் கன்சோல் ஆக்குவது எது என்று யோசித்தால் மிஞ்சுவது பூட்டு ஒன்றுதான். இந்தக் கேள்வி மனசில் விழாமல் இத்தனை வருடம் நம்மைக் காத்தவர்களை நாம் எப்படிப் பாராட்டினாலும் தகும்.

பூட்டு நம் நன்மைக்குத்தான். அதன் அருமை தெரிய பிஎஸ்3 கதையைச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டி வந்தபோது அதில் லினக்ஸ் நிறுவிக்கொள்ள சோனியே வழி வைத்திருந்தது. பெட்டியை வாங்க அதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2010 ஏப்ரல் 1 அன்று வந்த அப்டேட்டில் அந்த வழி காணாமல் போனது. அப்டேட் போடாவிட்டால் ஆன்லைன் கிடையாது. போட்டால் லினக்ஸ் கிடையாது. முட்டாள்கள் தினத்தைத் தேர்ந்தெடுத்த நகைச்சுவை உணர்வை அப்போது யாரும் ரசிக்கவில்லை, வழக்குப் போட்டார்கள். பெட்டியின் பின்புறம் "பிரித்தால் வாரண்டி போச்சு" என்று ஒட்டிய ஸ்டிக்கர்களும் அன்பின் அடையாளம்தான். அதையும் புரிந்துகொள்ளாமல் 2018இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் மூன்று வள்ளல்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

வால்வின் பொறுப்பின்மையை இதோடு ஒப்பிடுங்கள். டெக் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அதைப் பிரிப்பது எப்படி என்று அவர்களே வீடியோ போட்டார்கள். "செய்யாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு திருகாகக் கழற்றிக் காட்டினார்கள். உதிரிபாகங்களை ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புத் தளம் வழியாக விற்றார்கள். டெக் ஓடுவதே ஆர்ச் லினக்ஸிலிருந்து வந்த ஒரு சிஸ்டத்தில். விண்டோஸுக்கு எழுதிய கேம்களை புரோட்டான் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கு அதில் ஓட்டுகிறது. மெனுவில் ஒரு வரியைத் தொட்டால் சாதாரணக் கணினித் திரை வந்துவிடும். அதில் வேறு கடையின் கேமை நிறுவலாம், பிரவுசர் திறக்கலாம், மொத்தத்தையும் அழித்துவிட்டு விண்டோஸ் போடலாம். வாங்கியவன் தன் பொருளோடு என்ன செய்கிறான் என்றுகூடக் கவலைப்படாத கம்பெனி ஒரு கம்பெனியா?

பற்றின்மையைக் கற்பித்ததிலும் கன்சோலுக்கு நிகர் கிடையாது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' 2013இல் பிஎஸ்3க்கு வந்தது. அந்த டிஸ்க் பிஎஸ்4இல் ஓடாது. 2014இல் பிஎஸ்4க்கு மெருகேற்றி விற்றார்கள். 2022இல் பிஎஸ்5க்கு மறுபடி புதிதாகக் கட்டி 69.99 டாலருக்கு விற்றார்கள். ஒரே கதையில் ஒரே சாவுக்கு மூன்று முறை அழும் பாக்கியம். இந்த விஷயத்தில் மைக்ரோசாஃப்ட்டின் கஞ்சத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நூற்றுக்கணக்கான எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களைப் புதிய பெட்டியிலும் ஓட விட்டு, மறுபடி காசு கொடுக்கும் வாய்ப்பை நம்மிடமிருந்து பறித்துவிட்டது. கணினிக்காரர்களோ இதில் படுமோசம். 2004இல் வாங்கிய 'ஹாஃப்-லைஃப் 2' பதினெட்டு வருடம் கழித்து வந்த கைக்கணினியில் ஓடுகிறது. பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிற பிறவிகள்.

நிலையாமையையும் பாடமாகவே நடத்தினார்கள். 2023 மார்ச் 27இல் நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளையும் மூடியது. 2024 ஜூலை 29இல் எக்ஸ்பாக்ஸ் 360 கடை மூடப்பட்டது. சோனியும் 2021இல் பிஎஸ்3, கையடக்க வீட்டா இரண்டின் கடைகளுக்கும் மூடும் தேதி குறித்தது. ஆட்கள் கத்திய கத்தலில் மனம் இளகி, அந்த முடிவு தவறு என்று ஒப்புக்கொண்டு திறந்தே வைத்துவிட்டது. வள்ளல் ஒருவர் இப்படித் தடுமாறியது வருத்தமே.

(ஸ்டீம் மட்டும் என்ன, சொத்துப் பத்திரமா எழுதிக் கொடுக்கிறது? அங்கேயும் நாம் வாங்குவது உரிமம்தான். கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்த பிறகு 2024 அக்டோபரிலிருந்து காசு கட்டும் பக்கத்திலேயே அதை எழுதி வைத்துவிட்டார்கள். விற்பனையில் பொதுவாக முப்பது சதவீதம் வால்வுக்குப் போகிறது. கைக்கணினி ரசிகர்கள் இந்த இடத்தில் மட்டும் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஒரே சமாதானம், அந்தக் கடை பிடிக்காவிட்டால் அதே கருவியில் அடுத்த கடைக்குப் போகலாம். கன்சோலில் அடுத்த கடை என்று ஒன்று இல்லாததால் அந்த அலைச்சல் மிச்சம்.)

கையில் எடுத்துப்போகும் ஆசையை வள்ளல்கள் மதிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சோனியின் வீட்டா ஞாபகம் இருக்கிறதா? அருமையான கருவி. அதற்கென்றே தனி வடிவத்தில் மெமரி கார்டு செய்தார்கள். அமெரிக்காவில் அறிமுகமானபோது 32 ஜிபி கார்டு 100 டாலர். ஊரில் கிடைக்கும் மலிவு கார்டைச் செருகி நம் கௌரவம் கெட்டுவிடக் கூடாது. கைக்கணினிகள் கிளம்பிய பிறகு, 2023 நவம்பரில், பிளேஸ்டேஷன் போர்ட்டலைத் தந்தார்கள். அப்போது 199.99 டாலர், எட்டு அங்குலத் திரை, கைக்குப் பதமான பிடி. அதில் கேம் எதுவும் ஓடாது. வந்த புதிதில், வீட்டில் பிஎஸ்5 ஓடினால்தான் ஆட்டம். அதன் படம் வைஃபை வழியாக இதற்கு வந்தது. புளூடூத் ஹெட்செட்டும் சேராது. வீட்டில் அம்மா டிவி பார்க்கும்போது உதவும் என்பார்கள். உண்மைதான். நாம் எவ்வளவு தூரம் போனாலும் மனசு வீட்டுப் பெட்டியிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்த ஒரே கம்பெனி இது.

நின்டெண்டோ வேறு ரகம். 2017இல் ஸ்விட்ச் வராமல் இருந்திருந்தால், டிவியில் ஆடியதைக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போகலாம் என்ற எண்ணமே பலருக்கு வந்திருக்காது; டெக்கும் பிறந்திருக்காதோ என்னவோ. இது வஞ்சமில்லாத பாராட்டு, ஒரு வரி எழுதிவிட்டேன், போதும். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது நின்டெண்டோ பழைய தாராளத்துக்குத் திரும்பிவிட்டது. புதுக் கருவியில் என்னென்ன வசதி உண்டு என்று சுற்றிக் காட்டும் 'வெல்கம் டூர்' என்ற கேம் 9.99 டாலர். புது வீட்டை வாங்கியவரிடம் வீட்டைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் கேட்கும் தைரியம் யாருக்கு வரும்? 'மரியோ கார்ட் வேர்ல்ட்' தனியாக வாங்கினால் 79.99. சில கேம்களுக்கு ஒரு அட்டை தருகிறார்கள். அட்டைக்குள் கேம் இல்லை, கேமை இறக்கிக்கொள்ளும் சாவி மட்டும். இறக்கிய பிறகும் ஆடும்போதெல்லாம் அட்டையைச் செருக வேண்டும். டிஸ்க்கின் தொல்லையும் டவுன்லோடின் தொல்லையும் ஒரே பொருளில் இணைவது சாதாரண விஷயமல்ல. இந்தியாவில் இந்த நிறுவனம் இன்றுவரை அதிகாரபூர்வமாகக் கடை விரிக்கவில்லை என்பதால், நமக்கு இந்தக் கருணை வெளிநாட்டு மச்சானின் பெட்டி வழியாகத்தான் வருகிறது. வால்வும் டெக்கை இங்கே விற்கவில்லை. புரட்சியும் அதே மச்சான் பெட்டியில்தான்.

கைக்கணினிக்காரர்களின் சுகவாழ்வையும் கொஞ்சம் பார்க்கலாம். டெக்கின் முதல் வடிவத்தில் 40 வாட்-மணி பேட்டரி. கனமான கேம் என்றால் இரண்டு மணி நேரத்தில் பிளக் தேடி அலைய வேண்டும். ரயிலில் ஜன்னல் சீட்டைவிட சார்ஜிங் பாயின்ட் சீட்டுக்குச் சண்டை. 2023இல் வந்த அசூஸ் ஆர்ஓஜி அல்லி விண்டோஸ் 11இல் ஓடியது. மவுஸுக்காகச் செய்த பொத்தான்களை ஏழு அங்குலத் திரையில் கட்டைவிரலால் குத்துவது தனி விளையாட்டு, அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. டெக்கின் லினக்ஸில் ஃபோர்ட்நைட் கிடையாது, வேலரன்ட் கிடையாது. அபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 கடைசியில் ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கிறோம் என்று லினக்ஸையே வெளியே தள்ளிவிட்டார்கள். ஜிடிஏ ஆன்லைனும் அதே வருடம் கைவிட்டது. கன்சோலில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பொத்தானை அமுக்கினால் ஆட்டம். அதாவது பொத்தானை அமுக்கி, சிஸ்டம் அப்டேட் முடிந்து, கேமின் பல பத்து ஜிபி அப்டேட்டும் முடிந்த பிறகு ஆட்டம்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் கைக்கணினிக்காரன் பெட்டிக்குத் திரும்ப மாட்டேன் என்கிறான். காரணம் அவனிடம் ஒரு நழுவும் பட்டை இருக்கிறது. டெக்கின் பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கினால் சிப் எத்தனை வாட் சாப்பிடலாம், விநாடிக்கு எத்தனை ஃபிரேம் போதும் என்று அவனே நகர்த்தி வைக்கலாம். வாட்டைக் குறைத்தால் பேட்டரி நீளும், படம் திக்கும். நாற்பது ஃபிரேமில் நிறுத்தினால் இரண்டும் ஓரளவு சமாதானமாகும். ஆடியதைவிட அந்தப் பட்டையோடு மல்லுக்கட்டிய நேரம் அதிகம் என்று அவன் வீட்டில் திட்டு விழுகிறது. ஆனால் எது எதற்கு விலை என்று கையால் நகர்த்திப் பார்த்துவிட்டவனிடம் பழைய பணிவை எதிர்பார்க்க முடியாது. கன்சோலில் கேம் முப்பது ஃபிரேமில் ஓடினால், அது விதி என்று இருந்தவன், இப்போது யார் முடிவு செய்தார்கள் என்கிறான். 'பிளட்போர்ன்' 2015இலிருந்து பிளேஸ்டேஷனில் முப்பது ஃபிரேமில் இருக்கிறது, பிஎஸ்5இலும் முப்பதுதான், கணினிக்கு வரவேயில்லை. பத்து வருடம் ஒரு கேமைக் கைபடாமல், மாற்றமில்லாமல், கன்னி கழியாமல் காத்துத் தந்த சோனியிடம் போய் அறுபது கேட்கிறார்கள்.

எண்ணிக்கையில் ஒன்றும் பயமில்லை. பிஎஸ்5 எட்டுக் கோடிக்கு மேல் விற்றாகிவிட்டது. கைக்கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். 'ஜிடிஏ 6' அறிவிக்கப்பட்டிருப்பதும் பிஎஸ்5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸுக்கும் மட்டும்தான். முந்தைய 'ஜிடிஏ 5' 2013இல் கன்சோலுக்கு வந்து, கணினிக்கு வர 2015 ஏப்ரல் ஆயிற்று. ஆக, கைக்கணினிக்காரனைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரும் ஆயுதம் இன்னும் கையில் இருக்கிறது.

விசித்திரம் என்னவென்றால், வாடிக்கையாளர்கள் முழுசாக மாறுவதற்குள் வள்ளல்களே மாறிவிட்டார்கள். பிளேஸ்டேஷனில் மட்டுமே என்று சத்தியம் செய்து பெட்டி விற்ற கேம்களை சோனி 2020இலிருந்து ஒவ்வொன்றாகக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் 'காட் ஆஃப் வார்' ஸ்டீமில் விற்பனைக்கு வந்தது. மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போய், 2024 நவம்பரில் போனையும் டிவியையும் லேப்டாப்பையும் காட்டி, இதுவும் எக்ஸ்பாக்ஸ்தான் என்று விளம்பரம் செய்தது. எல்லாமே எக்ஸ்பாக்ஸ் என்றால் 500 டாலர் கொடுத்து எக்ஸ்பாக்ஸ் வாங்கியவன் எதை வாங்கினான் என்று கேட்கும் அளவுக்கு அற்பமானவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்க்கக் கூடாது. அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சரும் அந்த வருடம் ஒரு பேட்டியில், தன்னிடம் இருக்கும் லெனோவோ லீஜியன் கோ ஒரு எக்ஸ்பாக்ஸ் போல இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

ஆசை 2025 அக்டோபர் 16இல் நிறைவேறியது. ஆர்ஓஜி எக்ஸ்பாக்ஸ் அல்லி 599.99 டாலர், அதன் பெரிய அண்ணன் அல்லி எக்ஸ் 999.99. செய்தது அசூஸ், உள்ளே விண்டோஸ், மேலே எக்ஸ்பாக்ஸ் பொத்தான். கணினி என்பதால் அதில் ஸ்டீம் போடலாம். ஸ்டீமில் 'காட் ஆஃப் வார்' வாங்கலாம். எக்ஸ்பாக்ஸ் என்று பெயர் பொறித்த கருவியில் பிளேஸ்டேஷனின் கேம் ஜம்மென்று ஓடும். எக்ஸ்பாக்ஸ் கன்சோலுக்காக வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்த டிஸ்க்குகளைச் செருக மட்டும் அதில் இடம் கிடையாது. டிஜிட்டலாக வாங்கியவற்றிலும், கணினிக்கும் சேர்த்து உரிமம் தந்தவை மட்டும்தான் அதில் நேரடியாக ஓடும்; மற்றவற்றுக்கு எங்கோ ஓடும் கன்சோலிலிருந்து படத்தை வரவழைக்க வேண்டும். ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கிய எக்ஸ்பாக்ஸில், பழைய எக்ஸ்பாக்ஸ் விசுவாசிக்கு மற்ற எல்லார் கடைச் சரக்கும் கைக்கு எட்டும்; தன் அலமாரியில் இருப்பதில் எத்தனை ஓடும் என்பதற்கு ஒரு பட்டியலைப் பார்க்க வேண்டும்.